பதினைந்தா? ஐம்பதா? – ஆங்கில உச்சரிப்பைப் பற்றிச் சில அடிப்படை உண்மைகள்

நம் பங்கில் பிறந்து வளர்ந்த செவிலியப் பெண் ஒருத்தி இன்று இங்கிலாந்தில் பணியாற்றி வருகிறாள். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது நம்மைச் சந்தித்து, தன் பணியின் முதல் மாதத்தில் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறினாள். இரவுப் பணி முடிந்து, அடுத்து வந்த செவிலியிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் வேளை. ஒரு முதியவருக்குக் கொடுக்க வேண்டிய மருந்தின் அளவு பதினைந்து மில்லிகிராம். அவளும் ‘ஃபிஃப்டீன்’ என்றுதான் சொன்னாள். கேட்டவளின் காதிலோ அது ‘ஃபிஃப்டி’ என்று, அதாவது ஐம்பது என்று விழுந்தது. நல்ல வேளையாக அந்தச் செவிலி, “ஒன்று – ஐந்தா? ஐந்து – சுழியா?” என்று எண்களைப் பிரித்துத் திருப்பிக் கேட்டாள். தவறு நேராமல் போயிற்று.

“பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் படித்தேன், சாமி. தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்தச் சொல்லில் எந்த இடத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே!” என்று அப்பெண் வருந்தினாள்.

அவள் வருத்தம் நமக்குப் புதியதன்று. நாம் குருமடத்தில் பயின்ற நாளில், உணவு வேளையில் ஒருவர் நின்று திருமறை நூலை உரக்க வாசிக்க, மற்றவர் மௌனமாக உண்ணும் வழக்கம் இருந்தது. நம் முறை வந்த அன்று திருவெளிப்பாடு 21ஆம் அதிகாரம். அதன் 23ஆம் வசனத்தில் ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், விளக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அடுத்தடுத்து வருகின்றன. முன்னதன் கடைசி எழுத்து எழுதப்படுமேயன்றி ஒலிக்கப்படாது. ‘லேம்’ என்று மகரத்தோடு வாய் மூடிவிட வேண்டும். நாமோ இரண்டையும் ‘லாம்ப்’, ‘லாம்ப்’ என்றே முழங்கினோம். அறை முழுதும் சிரிப்பலை எழுந்தது. முதிய குரு ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. உணவுக்குப் பின் நம்மை அழைத்து, “தம்பி, விளக்கு எரிகிறது, சரி, ஆட்டுக்குட்டி எங்கே போயிற்று?” என்று அன்போடு கேட்டு, அகராதியில் ஒலிக்குறிகளைப் பார்க்கும் வழியை அன்றே கற்றுத் தந்தார். அவர் தந்த அந்தச் சிறு பாடத்தையே இன்று நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று

தமிழில் எழுத்தைக் கற்றவன் ஏறக்குறைய எந்தச் சொல்லையும் வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் அவ்வாறு இயலாது. அதன் எழுத்துகள் 26. தென் இங்கிலாந்தின் பொதுநிலைப் பேச்சில் அறிஞர் மரபாகக் கணக்கிடும் ஒலிகளோ 44. இவற்றுள் 24 மெய்யொலிகள், 20 உயிரொலிகள். இருபது உயிரொலிகளையும் ஐந்தே உயிரெழுத்துகளைக் கொண்டு எழுத வேண்டியிருப்பதால், ஒரே எழுத்து பல வேடம் பூணுகிறது. ‘ஓ, யு, ஜி, எச்’ என்னும் நான்கு எழுத்துகளின் வரிசையை எடுத்துக்கொள்வோம். ‘ஆயினும்’ என்னும் பொருள்தரும் சொல்லில் அது ‘ஓ’ ஆகிறது. ‘ஊடாக’ என்னும் சொல்லில் ‘ஊ’ ஆகிறது. ‘இருமல்’ என்னும் சொல்லில் ‘ஆஃப்’ போலவும், ‘கரடுமுரடு’ என்னும் சொல்லில் ‘அஃப்’ போலவும், ‘மரக்கிளை’ என்னும் சொல்லில் ‘அவ்’ போலவும் ஒலிக்கிறது.

இக்குழப்பத்திற்கு வரலாறு ஒரு காரணம். ஏறக்குறைய 1400 முதல் 1700 வரையிலான காலத்தில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் அனைத்தும் இடம் பெயர்ந்தன. காலத்தைக் குறிக்கும் ‘டைம்’ முன்னர் ‘டீமெ’ என்றும், பெயரைக் குறிக்கும் ‘நேம்’ முன்னர் ‘நாமெ’ என்றும், வீட்டைக் குறிக்கும் ‘ஹவுஸ்’ முன்னர் ‘ஹூஸ்’ என்றும் ஒலித்தன. இதனை ‘உயிரொலிகளின் பெரும் பெயர்ச்சி’ என்று டென்மார்க் நாட்டு அறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் அழைத்தார். இப்பெயர்ச்சி நடந்துகொண்டிருந்த வேளையில், 1476ஆம் ஆண்டு வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவினார். அச்சு பரவப் பரவச் சொற்களின் எழுத்துக்கோலம் மெல்ல உறைந்து நின்றது. நாவோ தன் வழியே நடந்துகொண்டிருந்தது. ‘நைஃப்’ என்னும் கத்தியின் முன்னே இன்று ஊமையாக நிற்கும் ‘கே’ எழுத்து, ஒருகாலத்தில் ககரமாகவே ஒலிக்கப்பட்டது.

அறிஞர்களும் தம் பங்குக்கு ஊமை எழுத்துகளைச் சேர்த்தனர். கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்னும் சொல் பிரெஞ்சு வழியாக வந்தபோது அதில் ‘பி’ எழுத்து இல்லை. அதன் லத்தீன் மூலமான ‘தேபித்தும்’ என்பதை நினைவூட்டும் பொருட்டுப் பின்னர் வந்தோர் அதனை நுழைத்தனர். திருப்பாடலைக் குறிக்கும் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் முதல் எழுத்தும் ஒலிக்காது, நடுவில் நிற்கும் ‘எல்’ எழுத்தும் ஒலிக்காது. ‘சாம்’ என்பதே அதன் ஒலி. ஆங்கிலத் திருப்பலியில் வாசகம் படிக்கும் இளைஞர்கள் இதனைக் கருத்தில் கொள்வார்களாக.

ஒலி பிறக்கும் இடம்

ஒலி எவ்வாறு பிறக்கிறது என்பதை ஆராய்வது ஒலியியல். இத்துறை தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே உண்டு. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, நா, பல், இதழ், அண்ணம், மூக்கு ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாக மாறுவதை அது விளக்குகிறது. மேலை நாட்டில் 1886ஆம் ஆண்டு பாரிசில் பால் பாசி என்னும் ஆசிரியரின் முயற்சியால் தோன்றிய சங்கமே பன்னாட்டு ஒலியெழுத்து முறையை வகுத்தது. இன்று நல்ல அகராதிகளில் சொல்லுக்கு அருகே காணப்படும் விந்தையான குறிகள் அம்முறையைச் சேர்ந்தவையே. டேனியல் ஜோன்ஸ் என்னும் அறிஞர் 1917ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி, இத்துறையில் நெடுங்காலம் வழிகாட்டியாக விளங்கியது.

இப்போது ஒரு சிறு சோதனை. இரு விரல்களைத் தொண்டையின் மேல் மெல்ல வைத்து, பாம்பு சீறுவதுபோல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒலியுங்கள். தொண்டை அசையாது. பின்னர் வண்டு முரல்வதுபோல், ஆங்கிலத்தின் கடைசி எழுத்தான இசட்டின் ஒலியை எழுப்புங்கள். விரலுக்கடியில் அதிர்வு தெரியும். நாவும் பல்லும் இரண்டிற்கும் ஒரே நிலையில்தான் உள்ளன. குரல்நாண்கள் அதிர்வதும் அதிராததுமே வேறுபாடு. ஆங்கில மெய்களில் பெரும்பாலானவை இவ்வாறு இணை இணையாக அமைந்தவை.

தமிழிலும் இவ்விரு வகை ஒலிகளும் உண்டு. ‘பாட்டு’ என்பதிலுள்ள பகரம் வன்மையானது. ‘தம்பி’ என்பதிலுள்ள பகரம் அதிர்வுடையது. ஆனால், எங்கே எது வரும் என்பதை இடமே தீர்மானிப்பதால், நமக்கு ஓரெழுத்தே போதுமானதாயிற்று. ஆங்கிலத்தில் பொருளே மாறிவிடும். ‘பின்’ என்று தமிழில் எழுதினால் அது குண்டூசியா, குப்பைத் தொட்டியா என்று சொல்ல இயலாது. ‘பார்க்’ என்பது பூங்காவா, நாய் குரைப்பதா? தமிழ் எழுத்தில் ஆங்கில உச்சரிப்பை எழுதி மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். சொல்லின் நடுவில் நம் நா தானாகவே மென்மையாக்கிவிடுவதால், தாளைக் குறிக்கும் ‘பேப்பர்’ பலர் வாயில் ‘தம்பி’யின் பகரத்தோடு ஒலிப்பதையும் கேட்கிறோம்.

வேறொரு நுட்பமும் உண்டு. ஆங்கிலேயர் அழுத்தம் பெறும் அசையின் முதலில் ‘ப, ட, க’ ஆகிய வல்லொலிகளைச் சொல்லும்போது காற்று குபீரென்று வெளிப்படும். மெல்லிய தாள் ஒன்றை வாய்க்கு முன்னே பிடித்துக்கொண்டு குண்டூசியைக் குறிக்கும் சொல்லைச் சொன்னால் தாள் ஆட வேண்டும். குப்பைத் தொட்டியைக் குறிக்கும் சொல்லுக்கு ஆடலாகாது. அக்காற்று இல்லாவிடில், நாம் சொல்லும் குண்டூசி அவர்கள் காதில் குப்பைத் தொட்டியாகவே விழக்கூடும்.

தமிழ் நாவுக்குப் பழக வேண்டிய ஒலிகள்

‘எஃப்’ எழுத்தின் ஒலிக்கு இதழ்கள் இரண்டும் மூடலாகாது. மேற்பல் கீழிதழின்மீது மெல்லப் படிய, காற்று உரசிச் செல்ல வேண்டும். இதைப் பகரமாக மாற்றும் பழக்கத்தால்தான் மின்விசிறி நம் வீடுகளில் ‘பேன்’ ஆகி, தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது! இதே நிலையில் தொண்டையை அதிரவிட்டால் ‘வி’ எழுத்தின் ஒலி பிறக்கும். ‘டபிள்யூ’ எழுத்திற்கோ பல்லுக்கு வேலையே இல்லை. சீழ்க்கை அடிப்பதுபோல் இதழ்களைக் குவிக்க வேண்டும். நம் வகரம் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் திராட்சைக் கொடியும் திராட்சை இரசமும் இந்த ஓர் ஒலியால்தான் வேறுபடுகின்றன. கொடிக்குப் பல் படிய வேண்டும். இரசத்திற்கு இதழ் குவிய வேண்டும். யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தை ஆங்கிலத்தில் வாசிப்போர் இதனை மறத்தலாகாது.

சீறும் ஒலிக்கும் முரலும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை மேலே கண்டோம். ‘ரைஸ்’ என்பதைச் சீறி முடித்தால் அரிசி. முரன்று முடித்தால் எழுதல். சீறி முடிக்கும் ‘பிரைஸ்’ விலை; முரன்று முடிப்பது பரிசு. பன்மை காட்டும் ‘எஸ்’ எழுத்தும் இவ்விதிக்கு உட்பட்டதே. அதிர்வில்லா ஒலியை அடுத்து அது சீறும். பூனைகளைக் குறிக்கும் ‘கேட்ஸ்’ இதற்குச் சான்று. அதிரும் ஒலியை அடுத்து அது முரலும். நாய்களைக் குறிக்கும் சொல் இதற்குச் சான்று. ‘பஸ்’ போன்று சீறலில் முடியும் சொற்களிலோ ‘இஸ்’ என்று ஓர் அசை கூடி, இறுதி முரலும். இறந்தகாலம் காட்டும் ‘இ, டி’ எழுத்துகளும் இவ்வாறே மூவகைப்படும். கழுவினான் என்பது ‘வாஷ்ட்’ என ஓரசையே, ‘வாஷ்-டு’ அன்று. விரும்பினான் என்பது ‘வாண்-டட்’ என ஈரசை பெறும்.

‘டி’ எழுத்தின் ஒலி நம் டகரமும் அன்று, தகரமும் அன்று. மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னே உள்ள மேட்டில் நாநுனி பட வேண்டும். யாழ்ப்பாணத் தமிழர் ‘வெற்றி’, ‘காற்று’ என்னும் சொற்களில் றகர இரட்டையை ஒலிக்கும் இடம் ஏறக்குறைய அதுவே. ‘டி, எச்’ என்னும் ஈரெழுத்துகள் சேர்ந்து தரும் ஒலிக்கு நாநுனியைப் பற்களுக்கிடையே வைத்துக் காற்றைவிட வேண்டும். ஆயினும், இவ்விரண்டிலும் நம் ஒலி சற்று மாறினாலும் பொருள் பெரும்பாலும் விளங்கிவிடும்.

சொல்லின் முதலும் இறுதியும்

தமிழ் மரபில் வல்லின மெய் சொல்லின் இறுதியில் நில்லாது. ஓர் உகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். அதனால் ‘கப்’ என்பது ‘கப்பு’ ஆகிறது. ‘லைட்’ என்பது ‘லைட்டு’ ஆகிறது. அவ்வாறே மெய்கள் இரண்டு இணைந்து தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. அதனால் பள்ளிக்கூடம் ‘இஸ்கூல்’ ஆகிறது. நிலையம் ‘இஸ்டேஷன்’ ஆகிறது. உயிர் முதலாகிய எழுத்துப் பெயர்களும் ‘யெம்’, ‘யெல்’ என்று யகரம் பெறுகின்றன. இவற்றைச் செய்யும் பிள்ளை மூடப்பிள்ளையன்று. தாய்மொழியின் இலக்கணத்தைத் தன்னையறியாமல் காத்து நிற்கும் பிள்ளை. இன்னொரு மொழிக்கு இன்னோர் இலக்கணம் உண்டு என்று எடுத்துக்காட்டினால் போதும், திருத்திக்கொள்ளும்.

உயிரொலிகளில் நமக்கொரு நற்பேறு உண்டு. குறில், நெடில் என்னும் வேறுபாடு தமிழ்ப் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வந்தது. கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’, ஆட்டைக் குறிக்கும் ‘ஷீப்’. நிறைவைக் குறிக்கும் ‘ஃபுல்’, மூடனைக் குறிக்கும் ‘ஃபூல்’ – இவற்றில் பிறமொழியாளர் பலர் தடுமாறுவர். நமக்கோ இவை எளியவை.

ஆயினும் ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் உயிரொலி, எழுத்தே இல்லாத ஒன்றாகும். வாய் சோர்ந்து, பாதி திறந்த நிலையில் பிறக்கும் மெலிந்த அகரம் அது. எபிரேய இலக்கணத்திலிருந்து பெற்ற ‘ஷ்வா’ என்னும் பெயரால் அதனை வழங்குவர். வாழைப்பழத்தைக் குறிக்கும் ‘பனானா’ என்னும் சொல்லில் மூன்று ‘ஏ’ எழுத்துகள் இருப்பினும், நடுவில் நிற்பது மட்டுமே முழு ஆகாரம். முன்னும் பின்னும் உள்ளவை ஷ்வாக்கள். ‘டாக்டர்’ என்பதன் இறுதி அசையும் அத்தகையதே. எழுத்துக்கு எழுத்து முழு ஒலி தந்து வாசிக்கும் நம் நல்ல பழக்கம் இங்கே உதவாது.

அழுத்தம் என்னும் அச்சாணி

இனி, செவிலியப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். தமிழில் அசைகள் ஏறக்குறைய ஒரே வலுவோடு நடைபோடும். ஆங்கிலச் சொல்லிலோ ஓர் அசை தலைவன், மற்றவை ஏவலர். தலைமை அசை உரத்தும் நீண்டும் ஒலிக்கும். மற்றவை மெலிந்து ஷ்வாவாகத் தேயும். ஒளிப்படத்தைக் குறிக்கும் ‘ஃபோ-ட-கிராஃப்’ என்பதில் முதலசைக்கு அழுத்தம். ஒளிப்படம் எடுப்பவரைக் குறிக்கும் ‘ஃப-டா-கிர-ஃபர்’ என்பதில் இரண்டாம் அசைக்கு. ‘ஃபோ-ட-கிரா-ஃபிக்’ என்னும் பெயரடையில் மூன்றாம் அசைக்கு. அழுத்தம் நகர நகர, உயிரொலிகளும் உருமாறுவதைக் காண்க.

ஒரே எழுத்துக்கோலமுடைய சொல், பெயரானால் முதலசையிலும் வினையானால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறுவதுண்டு. ‘ரெக்கார்ட்’, ‘பிரசென்ட்’ என்பவை இதற்குச் சான்று. ‘ஷன்’ என முடியும் ‘எஜுகேஷன்’ போன்ற சொற்களிலும், ‘இக்’ என முடியும் ‘எகனாமிக்’ போன்ற சொற்களிலும் முடிவுக்கு முந்திய அசையே அழுத்தம் பெறும். இவ்விதிக்கும் விலக்குகள் உண்டு; நம்மைக் குறிக்கும் ‘கத்தோலிக்க’ என்னும் சொல்லும் அவற்றுள் ஒன்று. ஆங்கிலத்தில் அது ‘கே-த-லிக்’ என முதலசையில் அழுத்தம் பெறும். நம்மில் எத்தனை பேர் நம் பெயரையே சரியாகச் சொல்கிறோம் என்று சிறிது எண்ணிப் பார்ப்போமாக!

எண்களிலும் இவ்வாறே. ஐம்பது என்பதில் அழுத்தம் முதலசையில். இறுதி குறுகி நிற்கும். பதினைந்து என்பதைத் தனித்துச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாம் அசையில். ‘டீன்’ என்பது நீள வேண்டும், இறுதி னகரம் தெளிவாகக் கேட்க வேண்டும். அப்பெண் முதலசையை அழுத்தி, இறுதியைக் குறுக்கிவிட்டாள். கேட்டவளின் செவி அழுத்தத்தைக் கொண்டே சொல்லை அறியப் பழகியது. ஆதலால் ஐம்பது என்று கொண்டது. பதின்மூன்று – முப்பது தொடங்கிப் பத்தொன்பது – தொண்ணூறு வரை இந்த இடர் உண்டு. மருந்தளவு, பணம், தேதி போன்றவற்றைச் சொல்லும்போது முழு எண்ணையும் சொல்லி, பின் ‘ஒன், ஃபைவ்’ என்று இலக்கங்களைப் பிரித்தும் சொல்வதே பாதுகாப்பு. ஆங்கிலத்தில் வல்லவர்களும் மருத்துவமனைகளில் பின்பற்ற வேண்டிய முறை இது.

எவருடைய ஆங்கிலம்?

அப்படியாயின், நம் பிள்ளைகள் ஆங்கிலேயரைப் போலவே பேச வேண்டுமா என்று பெற்றோர் கேட்கலாம். வேண்டியதில்லை. எந்த ஆங்கிலேயரைப் போல என்பதே முதற்கேள்வி. லிவர்பூலில் பேசுவதுபோல் லண்டனில் பேசுவதில்லை. ஸ்காட்லாந்தின் ஒலி வேறு. அகராதிகள் காட்டும் பொதுநிலை உச்சரிப்பைப் பிறவியிலேயே பேசுவோர் இங்கிலாந்திலேயே சிறுபான்மையினர். ‘கார்’ என்பதன் இறுதி ரகரத்தை லண்டனில் விட்டுவிடுவர், அமெரிக்காவில் ஒலிப்பர். நாமும் ஒலிக்கிறோம், அது பிழையன்று.

நோக்கம் ஒன்றே: நாம் சொல்வது பிறருக்கு விளங்க வேண்டும். ஐதராபாத்தில் இந்திய ஆங்கிலத்தை ஆராய்ந்து 1969ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட ஆர். கே. பன்சால், இந்தியர் பேச்சு பிறருக்கு விளங்காமற்போவதற்குச் சொல்லழுத்தத் தவற்றை ஒரு முதன்மைக் காரணமாகக் காட்டினார். 2000ஆம் ஆண்டில் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர், பல நாட்டவர் ஆங்கிலத்தில் உரையாடும்போது குறில் – நெடில் வேறுபாடும், வல்லொலிகளின் காற்றும் காக்கப்பட வேண்டியவை என்றும், ‘டி, எச்’ ஒலி மாறுவதால் பெருங்கேடில்லை என்றும் எடுத்துரைத்தார். எனவே எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முயலாமல், பொருளைக் கெடுக்கும் பிழைகளை முதலில் களைவோம்.

இல்லங்களில் செய்யத்தக்கவை

நாள்தோறும் பத்து நிமிடம் பிள்ளை ஆங்கிலத்தில் உரக்க வாசிக்கட்டும். ஐயமான சொல்லை அகராதியில் பார்க்கட்டும். அங்கே மேலே நிற்கும் சிறு நெடுங்கோடு, தன்னை அடுத்து வரும் அசைக்கு அழுத்தம் என்று காட்டும். முக்காற்புள்ளி போன்ற குறி, உயிர் நீள்வதைக் காட்டும். இவ்விரு குறிகளை அறிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இன்று கைப்பேசி அகராதிகள் சொல்லை ஒலித்தே காட்டுகின்றன. முதலில் காது கேட்கட்டும், பிறகு நா சொல்லட்டும், கடைசியில் கண் எழுத்தைப் பார்க்கட்டும். புதிய சொல்லைத் தமிழெழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வதைத் தவிர்க்கட்டும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒன்று. பிள்ளை தவறாக ஒலிக்கும்போது வீட்டில் எவரும் நகைக்க வேண்டாம். அன்று உணவறையில் எழுந்த சிரிப்பு, பல மாதங்கள் நம் வாயைக் கட்டிப்போட்டது. முதியவரின் அன்பான ஒரு சொல்லே அக்கட்டை அவிழ்த்தது. சிரிப்புக்கு அஞ்சி வாய் மூடிய பிள்ளை எந்த மொழியையும் கற்காது. ஆங்கிலம் பேசத் தெரியாதவரை அறிவில்லாதவராகக் கருதும் போக்கும் நம்மிடையே ஒழிய வேண்டும். ஒலி வேறு, அறிவு வேறு.

அச்செவிலியப் பெண் ஊர் திரும்புமுன், மாலையில் நம் பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புச் சிறுமியரை அமர்த்தி, பதின்மூன்று – முப்பது, பதினான்கு – நாற்பது என்று எண்களைச் சொல்லிப் பழக்கிக்கொண்டிருந்தாள். “கடைசியை நீட்டிச் சொல்லுங்கள், உங்கள் சொல்லை நம்பி ஒருவர் படுத்திருப்பார்” என்று அவள் கூறியது நம் காதில் விழுந்தது. தெளிவாகப் பேசுவது ஆடம்பரமன்று. கேட்பவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை. அதனை அச்சிறுமியர் அவளிடமே கற்றுக்கொண்டனர்.